ரோஜர் என்றால் கேட்டது என்று மட்டும்

செய்தி வந்தபோது நான் பலகையில் அன்றைய காற்றை எழுதிக்கொண்டிருந்தேன். மேற்கே இருந்து அடிக்கிற காற்று, 'கச்சான் காற்று' என்பது வரை எழுதியிருந்தேன். படகு உரிமையாளர் சங்கத்தின் செயலாளர் அண்ணாச்சி மாடிப்படி ஏறி வந்தார். வழக்கமாகப் பாதிப் படியிலேயே சத்தம் கொடுத்துக்கொண்டு வருகிறவர் அவர். அன்று செருப்புச் சத்தம் மட்டும்தான் கேட்டது. வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார்.

"மக்கா, ரோஸ்லின் போயிட்டா" என்றார்.

எங்கே போனார் என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது? முந்தின நாள் சாயங்காலம் இதே அறையைப் பூட்டிவிட்டு, "நாளைக்குக் கொஞ்சம் பிந்தித்தான் வருவேன், நீ வயர்லெஸ் செட்ட போட்டு வை" என்று சொல்லிவிட்டுப் போனவர்.

"செத்துப் போயிட்டா மக்கா. பைப்படியில கொடத்தத் தூக்குனவ அப்படியே விழுந்திருக்கா. ஆட்டோல ஏத்திக் கொண்டு போறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிட்டாம்."

நான் திரும்பிப் பலகையில் 'மதியத்துக்கு மேல் கூடும்' என்று எழுதி முடித்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. கை எழுதியது. எழுத்து கோணாமல்கூட இருந்தது.

முப்பதாம் நாள் பூசைக்கு வருகிறவர்களிடம் கொடுக்கச் சங்கம் சிறிய புத்தகம் போடுகிறது. அதில் நீயும் எழுது என்று அண்ணாச்சி சொன்னார். ரோஸ்லின் அக்காவுடன் அந்த அறையில் தினமும் இருந்தவள் நான்தானாம். நான் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள். எழுதிப் பழக்கமில்லை. பேசிப் பழக்கம் அதைவிடக் குறைவு. ஆனாலும் நீங்கள் எல்லோரும் அக்காவை அறிந்தவர்கள் என்பதால் எழுதுகிறேன். உங்களில் பாதிப் பேருக்கு அக்காவின் முகத்தைவிடக் குரல்தான் நன்றாகத் தெரியும். கடலில் இருந்து "கரை, கரை" என்று நீங்கள் கூப்பிட்டபோதெல்லாம் "சொல்லுங்க, கரைதான்" என்று பதில் தந்த குரல் அது.

திரேஸ்புரத்தில் ஐஸ் டிப்போவுக்கு மேல் இருக்கிறது எங்கள் அறை. ஒரு மேசை, அதன்மேல் வயர்லெஸ் செட், ஒரு பலகை, ஒரு ஜன்னல். கீழே ஐஸ் உடைக்கிற சத்தம் ஓயாது. வீட்டில் அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதால் நான் இங்கே வேலைக்கு வந்தேன். பெருக்குவது, டீ வாங்குவது, வானிலை அறிவிப்பைப் பலகையில் எழுதுவது, அக்கா சாப்பிடப் போகும்போது செட் பக்கத்தில் இருப்பது, இவ்வளவுதான் வேலை.

கடைசி வேலைதான் எனக்குப் பயம். பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிடும்போது 'உள்ளேன் டீச்சர்' என்று சொல்லவே எனக்குக் குரல் வராது. பக்கத்தில் இருக்கிற பிள்ளை எனக்கும் சேர்த்துச் சொல்லும். அப்படிப்பட்டவள் கடல் முழுக்கக் கேட்கிற மைக்கில் எப்படிப் பேசுவது? முதல் வாரமே அக்கா சாப்பிடப் போயிருந்தபோது மீன் பிடிக்கப் போன ஒரு வள்ளம் கூப்பிட்டது. நான் மைக்கைக் கையில் எடுத்தேன், பொத்தானை அமுக்கினேன், விட்டேன். அமுக்கினேன், விட்டேன். பேச்சு வரவில்லை. அந்தப் பக்கம், "கரையில எலி பூந்துட்டு போலுக்கே" என்று சிரிப்பு.

அக்கா வந்ததும் விஷயத்தைத் தெரிந்துகொண்டார். மைக்கை எடுத்தார்.

"எல்லா வள்ளத்துக்கும் சொல்லுதேன். நான் இல்லாத நேரம் இங்கன ஒரு பிள்ள இருக்கும். அது பேசாது. ரெண்டு மட்டம் டக் டக்குன்னு அமுக்கும். அதுதான் உங்களுக்கு ரோஜர். எலின்னு எவனாச்சும் சொன்னா அவனுக்கு நாளைக்கு ஐஸ் கெடையாது."

"ஐஸ் ஒங்க வீட்டு ஐஸா யக்கா?" என்றது ஒரு குரல்.

"டிப்போக்காரன் என் சின்னம்மை மவன்ல. சொல்லிப் பாக்கவா?"

அன்றிலிருந்து எனக்கு 'டக்டக்கு' என்று பெயர். சாலையில் பார்த்தால்கூட "ஏளா டக்டக்கு" என்பார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. பேசாமலே பதில் சொன்னதாக ஏற்றுக்கொள்ள ஓர் இடம் இருந்தது.

ரோஜர் என்ற சொல் உங்களுக்கெல்லாம் வாயில் ஊறியது. கடலில் மட்டுமா? டீக்கடையில் "ரெண்டு டீ" என்றால் "ரோஜர்" என்று பதில் வருகிறது. "ஞாயித்துக்கிழம பூசைக்கு வந்துருங்க" என்று பங்குச் சாமியார் சொன்னதற்கு ஒருவர் ரோஜர் என்றதை நானே கேட்டிருக்கிறேன். சரி, ஆமாம், வருகிறேன், செய்கிறேன், போய்வா, எல்லாவற்றுக்கும் அந்த ஒரு சொல்தான். அது யாரோ ஒரு வெள்ளைக்காரக் கேப்டனின் பெயர் என்றும், அவன் கப்பல் முழுகும்போதுகூட மைக்கில் பதில் சொல்லிக்கொண்டே போனான் என்றும் 'விடிவெள்ளி' வள்ளத்து ராயப்பன் அண்ணன் ஒருநாள் எங்கள் அறையில் உட்கார்ந்து கதை விட்டார்.

அக்கா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். வயர்லெஸ் பயிற்சிக்குப் போனபோது கற்றுக்கொண்டதைப் பிறகு சொன்னார். கிடைத்தது என்பதற்கு ஆங்கிலத்தில் ரிசீவ்டு. அதன் முதல் எழுத்து ஆர். அந்தக் காலத்தில் இரைச்சலில் எழுத்து தெளிவாகக் கேட்க வேண்டும் என்று ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு பெயர் வைத்திருந்தார்களாம். ஆர் என்ற எழுத்துக்கு வைத்த பெயர் ரோஜர்.

"கேப்டனும் இல்ல, கழுதையும் இல்ல. நீ சொன்னது என் காதுல விழுந்துட்டு. அம்புட்டுதான் அதுக்கு அர்த்தம். சரின்னு அர்த்தம் இல்ல. செய்யுதேன்னும் இல்ல."

"அப்ப செய்யுதேன்னு எப்படிச் சொல்லணும்?"

"அதுக்கு வில்கோன்னு வேற வார்த்த இருக்கு. நம்ம ஆளுக ஒருத்தரும் அதச் சொல்ல மாட்டாவ. சொன்னா செய்யணும்லா."

அக்காவின் வீட்டுக்காரர் லூர்து அண்ணன் 'செபமாலை' வள்ளத்தின் டிரைவர் என்பது உங்களுக்குத் தெரியும். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. செட்டில் அக்கா அவரிடமும் மற்ற டிரைவர்களிடம் பேசுவது போலத்தான் பேசுவார். அவர்தான் விடமாட்டார்.

"கரை, செபமாலை. வீட்ல இன்னைக்கு என்ன கொழம்பு?"

"செபமாலை, இது ஊரே கேக்குற சேனல். கொழம்பு விசயத்தக் கரைக்கு வந்து கேளுங்க."

"ரோஜர். சாளக் கொழம்புன்னு வச்சிக்கிடுதேன்."

"ரோஜர்னா கேட்டுச்சுன்னு அர்த்தம். கொழம்பு வச்சாச்சுன்னு அர்த்தம் இல்ல."

பிறகு எங்கெங்கோ இருந்து சிரிப்பு வரும். ஒருவர் "எனக்கும் ஒரு கிண்ணம்" என்பார். அக்கா மைக்கைக் கீழே வைத்துவிட்டுத் தனக்குள் சிரித்துக்கொள்வார். அந்தச் சிரிப்பைச் செட் கேட்டதில்லை. நான் மட்டும்தான் பார்த்தேன். அதனால் அதை இங்கே சொல்கிறேன்.

சொல்லின் அர்த்தம் இவ்வளவு தெரிந்த அக்காவே ஒருமுறை அதில் ஏமாந்துபோனார். அன்று காற்று திடீரென்று கூடும் என்று அறிவிப்பு வந்தது. அக்கா ஒவ்வொரு வள்ளமாகக் கூப்பிட்டு, "வலைய எடுத்துட்டுத் திரும்புங்க" என்று சொன்னார். எல்லோரும் ரோஜர் என்றார்கள். ராயப்பன் அண்ணனும் ரோஜர் என்றார். அவருடைய மனைவி கீழே வந்து விசாரித்தபோது அக்கா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "வாராவ, வாராவ. பயப்படாத" என்று சொல்லிவிட்டார்.

மற்ற வள்ளங்கள் வந்தன. விடிவெள்ளி வரவில்லை. செட்டில் கூப்பிட்டால் பதில் இல்லை. அந்த அம்மா சேலையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு மணலிலேயே நின்றார். மணல் பறந்து கண்ணில் அடித்தது. அக்காவும் இறங்கிப்போய் அவர் பக்கத்தில் நின்றார். இருட்டின பிறகு வள்ளம் வந்தது. வலையில் மீன் நன்றாகப் பட்டிருந்ததாம். விட்டுவிட்டு வர மனமில்லையாம். செட்டின் பாட்டரி நனைந்துவிட்டதாம்.

"நான் ரோஜர்னுதான சொன்னேன்? வாரேன்னு சொன்னனா?" என்றார் ராயப்பன் அண்ணன்.

எல்லோரும் அவரைத் திட்டத் தயாரானார்கள். அக்கா தடுத்தார். "அவரு சொல்லுதது சரிதான். வாரேன்னு சொல்லல. நான்தான் கூடச் சேத்துக் கேட்டுக்கிட்டேன்."

அந்த அம்மாவிடம், "நான் சொன்னது தப்பு. காதுல விழுந்துச்சுன்னுதான் உங்கிட்டச் சொல்லியிருக்கணும்" என்றார். அந்த அம்மா புருஷனை முதுகில் ஓர் அடி அடித்துக் கூட்டிக்கொண்டு போனார்.

மறுநாளிலிருந்துதான் அந்த வழக்கம் வந்தது. முக்கியமான செய்தி என்றால் வெறும் ரோஜரை அக்கா வாங்கமாட்டார். "என்ன கேட்டியளோ அதத் திருப்பிச் சொல்லுங்க. பொறவு என்ன செய்யப் போறியன்னு சொல்லுங்க" என்பார். நீங்கள் எவ்வளவு முணுமுணுத்தீர்கள்! "இதென்ன பள்ளிக்கூடமா, வாய்ப்பாடு ஒப்பிக்கதுக்கு?" என்று ஒருவர். பாட்டு மெட்டில் வானிலையைத் திருப்பிச் சொன்னவர் இன்னொருவர். அக்கா பாட்டையும் முழுக்கக் கேட்டுவிட்டு, "ராகம் சரி, காத்தோட தெச தப்பு. மறுபடி பாடுங்க" என்றார். கேட்டுவிட்டுச் சும்மா இருக்க அவருக்குத் தெரியும். பொத்தானை விட்டுவிட்டு, பதில் வரும்வரை ஒரு வார்த்தை பேசாமல் இருப்பார். எவ்வளவு நேரமானாலும் இருப்பார். அந்த இரைச்சலை ஒரு மனிதர் பேசுவதைக் கேட்பது போலக் கேட்டுக்கொண்டிருப்பார்.

இன்னொன்றையும் எழுத வேண்டும். சூசை அண்ணனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

கடலில் இருக்கிறவரின் வீட்டில் சாவு என்றால் நம் கரையில் அதை நேராகச் சொல்வதில்லை. அம்மாவுக்குச் சுகமில்லை, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சின்னதாக ஏதாவது சொல்லி வரவழைப்பார்கள். கடலில் வைத்து ஆள் உடைந்துவிடக் கூடாது என்கிற நல்ல மனசுதான் அது. சூசை அண்ணனின் அப்பா இறந்தபோதும் அப்படித்தான் நடந்தது. பெரியவர்கள் சொன்னபடி, "உங்க பிள்ளைக்குக் காய்ச்சல், வாங்க" என்று அக்கா சொன்னார். அவர் பதறி வந்து இறங்கி, தெரு முனைவரை ஓடினார். அங்கே அவருடைய பிள்ளை விளையாடிக்கொண்டிருந்தான். தூக்கி நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். சூடு இல்லை. சந்தோஷத்தில் அவனை மேலே தூக்கிப் போட்டுப் பிடித்து, சத்தமாகச் சிரித்துக்கொண்டே வீட்டுப் பக்கம் திரும்பினார். வாசலில் பந்தல் போட்டிருந்தது. தெருவே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"சிரிச்சிக்கிட்டே வந்தனே யக்கா. எங்கப்பன் சாவுக்கு நான் சிரிச்சிக்கிட்டே வந்தனே" என்று பிறகு எங்கள் அறையில் வந்து உட்கார்ந்து அழுதார். அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "என் வாயாலதான் அந்தப் பொய் வந்துச்சு. மன்னிச்சிரும்" என்றார்.

அன்றே அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டார்: "இனிமே இந்த செட்ல பொய் போவாது. சாவுன்னா சாவுன்னுதான் சொல்லுவேன். மொதல்ல சுக்கான வேற ஆள் கையில குடுக்கச் சொல்லணும். பொறவு சொல்லணும்."

"ஆள் கடல்ல குதிச்சிட்டா?" என்றார் அண்ணாச்சி.

"கூட இருக்கவன் பிடிப்பான். பொய்ய யாரு பிடிப்பா?"

அண்ணாச்சி ஒத்துக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகு அப்படி ஒரு செய்தி சொல்ல வேண்டிய தேவையும் வரவில்லை. அந்தக் காலை வரை.

பலகையில் எழுதி முடித்துவிட்டு நான் திரும்பியபோது அண்ணாச்சி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். லூர்து அண்ணன் கடலுக்குப் போய் இரண்டு ராத்திரி ஆகியிருந்தது. செல்போன் எடுக்காத தூரம். செட் மட்டும்தான் எட்டும்.

"நான் பேசுனா சந்தேகப்படுவான். நீ சொல்லு மக்கா. ரோஸ்லினுக்குக் கொஞ்சம் மயக்கம், ஆஸ்பத்திரியில வச்சிருக்கு, வாங்கன்னு மட்டும் சொல்லு. வந்து சேரட்டும். பொறவு நான் பாத்துக்கிடுதேன்."

அவர் கெட்டவர் இல்லை. லூர்து அண்ணன் பத்திரமாகக் கரைக்கு வரவேண்டும் என்பது மட்டும்தான் அப்போது அவர் மனதில் இருந்தது. எனக்கும் அதுதான். ஆனால் பந்தலைப் பார்த்து நின்ற சூசை அண்ணனும் என் கண்ணில் நின்றார். மைக்கைக் கையில் எடுத்தேன். அது எவ்வளவு கனம் என்று அன்றுதான் தெரிந்தது.

"செபமாலை, செபமாலை, கரை."

என் குரல்தானா என்று எனக்கே தெரியவில்லை.

கொஞ்ச நேரம் இரைச்சல். பிறகு சிரிப்புடன் ஒரு குரல். "யாரு இது? கரையில புது ஆள் போட்டாச்சா?"

"அண்ணே, நான்தான்."

"ஏளா டக்டக்கு! நீயா பேசுத? மழ கொட்டப் போவுது இன்னைக்கு." சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. "எங்க அவ?"

நான் பேசியதே அவருக்குப் பாதிச் செய்தியைச் சொல்லிவிட்டது. அண்ணாச்சி பக்கத்தில் இருந்து "மயக்கம், மயக்கம்" என்று உதட்டை அசைத்தார். மயக்கம் என்றால் எப்போது, எந்த ஆஸ்பத்திரி, டாக்டர் என்ன சொன்னார் என்று லூர்து அண்ணன் கேட்பார். ஒவ்வொன்றுக்கும் நான் பதில் உண்டாக்க வேண்டும். பொய்க்கு நிறையப் பேச வேண்டும். எனக்கு அவ்வளவு பேச்சு வராது. இதைத் துணிச்சல் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

"அண்ணே, சுக்கான வேற ஆள் கையில குடுங்க."

அக்கா இந்த யோசனையை வீட்டிலும் பேசியிருக்க வேண்டும். ஏனென்றால் அவர் ஏன் என்று கேட்கவில்லை. நெடுநேரம் கழித்து, "குடுத்தாச்சு" என்றார்.

"ரோஸ்லின் அக்கா காலையில எறந்துட்டாவ. பைப்படியில விழுந்தாவ. ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலேயே முடிஞ்சிட்டு. நீங்க கரைக்கு வாங்க."

பொத்தானை விட்டேன்.

அண்ணாச்சி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். "என்ன காரியம்ளா செஞ்சிட்ட" என்றார். செட்டில் இரைச்சல் மட்டும் வந்தது. அந்தச் சேனலில் எப்போதும் யாராவது குறுக்கே பேசிக்கொண்டே இருப்பார்கள். அன்று எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். ஒருவரும் பேசவில்லை.

"இன்னொரு மட்டம் சொல்லு" என்றார் லூர்து அண்ணன்.

சொன்னேன். முதல் தடவையைவிட அது கஷ்டமாக இருந்தது. முதல் தடவை சொல்லும்போது எனக்கே அது முழுதாகத் தெரிந்திருக்கவில்லை.

"இன்னொரு மட்டம்."

"கேக்கலையா அண்ணே?"

"கேட்டுச்சு மக்கா. நீ சொல்லு."

மூன்றாவது தடவையும் சொன்னேன். வழக்கப்படி, 'என்ன கேட்டீர்கள், திருப்பிச் சொல்லுங்கள்' என்று நான் கேட்டிருக்க வேண்டும். எப்படிக் கேட்பது? ஒரு மனுஷனிடம், உன் மனைவி இறந்துவிட்டாள் என்பதை நீயே ஒருமுறை சொல் என்று எப்படிக் கேட்பது? அக்கா அந்த விதியை வைத்தபோது இப்படி ஒரு செய்தியை யோசித்திருப்பாரா என்று தெரியவில்லை. நான் கேட்கவில்லை. பொத்தானை விட்டுவிட்டு இருந்தேன்.

கீழே ஐஸ் உடைப்பதை நிறுத்தியிருந்தார்கள். அவர்களுக்கும் தெரிந்துவிட்டது போல.

"காத்து எப்படி?" என்றார் கடைசியில்.

பலகையைப் பார்த்து வாசித்தேன். "கச்சான் காத்து. மதியத்துக்கு மேல கூடும்."

"கச்சான் காத்து. மதியத்துக்கு மேல கூடும். அதுக்கு முன்னால வந்துருதேன்."

காற்றை மட்டும் திருப்பிச் சொன்னார். மற்றதைச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகுதான் வேறு குரல் வந்தது. "கரை, விடிவெள்ளி. நாங்க செபமாலை பக்கத்துல போறோம். கூடவே கூட்டிக்கிட்டு வாரோம்." ராயப்பன் அண்ணன். அவரைத் தொடர்ந்து ஒவ்வொரு வள்ளமாகப் பேசினீர்கள். வலையை எடுக்கிறோம், திரும்புகிறோம், வருகிறோம் என்று. அன்று ஒருவரும் வெறும் ரோஜர் சொல்லவில்லை. நான் ஒவ்வொருவர் பெயரையும் திருப்பிச் சொன்னேன்.

வள்ளங்கள் வந்து சேர்ந்தபோது கரை முழுக்க ஆட்கள். லூர்து அண்ணன் இறங்கி யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. யாரும் அவரிடம் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நேராக வீட்டுக்கு நடந்தார். பந்தலுக்குக் கீழே குனிந்து உள்ளே போனார். நான் தெருவிலேயே நின்றேன். பிறகு பெட்டியைத் தெருவுக்குக் கொண்டுவந்து வைத்து, அதற்குள் அக்காவைப் பார்த்தபோது எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: இவர் இவ்வளவு நேரம் பேசாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை. இப்போது யாராவது கூப்பிட்டால் பதில் சொல்லிவிடுவார் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். கல்லறையில் மண் போடும்வரை நினைத்தேன். பொய் சொல்வானேன், மண் போட்ட பிறகும் நினைத்தேன்.

ஒரு வாரம் கழித்து லூர்து அண்ணன் எங்கள் அறைக்கு ஏறி வந்தார். அக்காவின் நாற்காலியில் உட்காராமல், ஜன்னல் ஓரம் நின்றார்.

"வழியெல்லாம் அழுதேன். ராயப்பன் பக்கத்துலயே வந்தான், ஒரு வார்த்த பேசல. கரையில எறங்கும்போது அழுவதுக்குக் கண்ணீர் இல்ல. எல்லாரும் இவன் கல்லு மாதிரி நிக்கான்னு நெனச்சிருப்பாவ." என் பக்கம் திரும்பினார். "நீ சொன்னது நல்லதா கெட்டதான்னு எனக்கு இன்னும் தெரியல மக்கா. மயக்கம்னு சொல்லியிருந்தா அந்த வழி முழுக்க அவ உயிரோட இருந்திருப்பா."

அக்கா இருந்திருந்தால் ஏதாவது சொல்லியிருப்பார். அண்ணாச்சி அதைப் பற்றி என்னிடம் பிறகு பேசவே இல்லை. ஆனால் செட்டை இனி நீயே பார்த்துக்கொள் என்று சாவியைத் தந்தார்.

இப்போது நான் பேசுகிறேன். கத்திப் பேச இன்னும் வரவில்லை. "சத்தமாச் சொல்லு டக்டக்கு" என்று நீங்கள் கேட்கிறீர்கள், மறுபடி சொல்கிறேன். லூர்து அண்ணன் கடலுக்குப் போகத் தொடங்கிவிட்டார். சாயங்காலம் கூப்பிடுகிறார். காற்றைச் சொல்கிறேன். திருப்பிச் சொல்கிறார். குழம்பு என்ன என்று கேட்பதில்லை.

அக்காவிடமிருந்து நான் எதை வைத்துக்கொண்டேன் என்று எழுதச் சொல்லியிருக்கிறார்கள். குரலை வைத்துக்கொள்ள முடியாது, அது அவருடையது. சாமர்த்தியமான பதில்கள் எனக்கு வராது. சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டு, பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிட்டு, அந்தப் பக்கத்து ஆளுக்கு எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு நேரம் இருப்பாரே, அதைத்தான் வைத்துக்கொண்டிருக்கிறேன். அவசரப்படுத்துவதில்லை. அன்று நான் மூன்று தடவை சொன்ன செய்தியை லூர்து அண்ணன் இதுவரை திருப்பிச் சொல்லவில்லை. நான் கேட்கவும் போவதில்லை.

எனக்கும் அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை.